கோட்டுக்குக் கீழே கதவக்கா

மேலாளர் 'மேடம்' என்று கூப்பிட்டபோதே விஷயம் சரியில்லை என்று கதவக்காவுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற நாட்களில் அவருக்கும் அவள் 'அக்கா'தான். அவசர அழைப்பு அறையில் சேர்ந்த புதிதில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, போன் அடித்தாலே வியர்த்துக் கொட்டிய மனிதர் அவர். இப்போது கண்ணாடி அறைக்குள் இருக்கிறார். மேசைமேல் ஒரு தாள், தாளின்மேல் அவருடைய விரல்.

"உட்காருங்க மேடம்."

"பரவாயில்ல சார், நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லுங்க."

"போன மாசம் எல்லாரும் ஒரு கேள்வித்தாள் எழுதினோமே. மீண்டெழும் திறன்னு சொன்னாங்க. ஒரு கஷ்டம் வந்தா ஒருத்தர் எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்கு வர்றாங்கன்னு அளக்கறது. அதோட மார்க் வந்திருக்கு." அவர் தாளை நேராக வைத்தார். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது. "மொத்த அறையிலேயே உங்களுக்குத்தான் ரொம்பக் குறைவு."

"சரி. அதுக்கு என்ன இப்ப?"

அதற்கு என்ன என்பதை அவர் சுற்றி வளைத்துச் சொன்னார். மேலிடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் போன் எடுக்கக்கூடாது. மனசு உடைந்துபோவார்களாம். அவர்கள் நன்மைக்காகவே அவர்களைக் கீழ்த்தளத்துப் பதிவுப் பிரிவுக்கு மாற்றுவார்களாம். அது ஜன்னல் இல்லாத அறை. முடிந்துபோன அழைப்புகளின் விவரங்களை வகைபிரித்து அடுக்கும் வேலை. உயிருக்குப் போராடுகிற எவரும் அங்கே போன் செய்வதில்லை.

"நான் போகமாட்டேன்" என்றாள் கதவக்கா.

"மேலிடத்து முடிவு மேடம்."

"அப்ப மேலிடமே வந்து என் தலையில இருக்கற ஹெட்செட்டக் கழட்டட்டும்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அறையில பாதிப்பேர், பழைய ஆளுங்க எல்லாருமே, கோட்டுக்குக் கீழதான் இருக்காங்க. அடுத்த வாரம் தாள் திருத்தின நிபுணரே வர்றாங்க. தனித்தனியாப் பேசுவாங்க. அதுக்கப்புறம்தான் கடைசி முடிவு. அதுவரைக்கும் வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க."

கதவக்காவிடம் போய் வாயைக் கொடுக்காதே என்று சொல்கிறார். அவள் வாயை வைத்துத்தான் பிழைக்கிறாள், அதுவும் இத்தனை வருஷமாக.

கதவக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. போனில் யார் அலறினாலும், முகவரியை வாங்கிய கையோடு அவள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்க வீட்டுக் கதவு என்ன நிறம்?" பதறிக்கொண்டிருக்கிற மனுஷன் ஒரு கணம் திரும்பித் தன் வீட்டுக் கதவைப் பார்ப்பான். மூச்சு கொஞ்சம் இறங்கும். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்கிற நிலைக்கு வந்துவிடுவான். ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க அது உதவும். முதலில் கேலியாகத்தான் கதவக்கா என்றார்கள். பிறகு அறையில் எல்லாருமே கதவின் நிறம் கேட்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அவளுக்கு இருந்த பெயர் வேறு. அழுமூஞ்சி. சின்ன வயதில் பக்கத்து வீட்டுப் பூனைக்குக் கால் முறிந்தாலும் இவள் சாப்பிடமாட்டாள். மழை பலமாகப் பெய்தால் அப்பா வந்து சேரும்வரை வாசலிலேயே நிற்பாள். "இதுக்கு மனசே எலும்பில்லாம செஞ்சிருக்கு, எந்த வீட்டுல போய் எப்படித் தாங்கப்போகுதோ" என்று அவள் அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்தாள். சித்தப்பா ஒரு படி மேலே போய், இவளுக்கு நல்ல செய்தியைக்கூடப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்பார். அப்பா படுத்த படுக்கையானபோது ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தவள் இவள்தான். டாக்டரிடம் எதிர்க்கேள்வி கேட்டவளும் இவள்தான். ஆனால் அழுதுகொண்டே அலைந்தாள், அழுதுகொண்டே கேட்டாள். ஆகவே பார்த்தவர்களுக்கு அழுகை மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே கதைதான். கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஒரு நாள் மின்கசிவில் கடை முழுக்க எரிந்துபோனது. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவள் கரியை அள்ளினாள், மொத்த வியாபாரிகளிடம் போய் நின்றாள், வீட்டு முன்னறையிலேயே கடையை மறுபடி திறந்தாள். ஒவ்வொரு படியேறும்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் ஏறினாள். கடை திறந்த அன்று வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்படித்தான் தாங்கிக்கிட்டீங்களோ என்றார்கள். அவரும் பெருமூச்சு விட்டு, என்ன செய்யறது, தாங்கித்தானே ஆகணும் என்றார். கதவக்கா உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். தேநீர்ப் பாத்திரத்தை அவள் அன்று அடுப்பிலிருந்து இறக்கிய சத்தம் முன்னறைவரைக்கும் கேட்டது.

இப்படிப்பட்ட அழுமூஞ்சி அவசர அழைப்பு அறைக்குப் போகிறாள் என்றதும் சித்தப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள் என்றார். சித்தப்பா போய்ச் சேர்ந்தே பல வருஷமாகிறது. இவள் இன்னும் அதே ஜன்னலோர நாற்காலியில்தான் இருக்கிறாள்.

அந்த அறையில் ஒரு பழக்கம் உண்டு. முதல் நாள் பயிற்சியிலேயே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். போனில் பேசுகிறவர், "மூச்சு இருக்கற மாதிரிதான் இருக்கு" என்று இழுத்தால், திரையில் 'மூச்சு இல்லை' என்றே குறிக்கவேண்டும். "ரத்தம் நின்னுடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றால் 'நிற்கவில்லை' என்று குறிக்கவேண்டும். சந்தேகம் இருந்தால் மோசமானதைக் குறி. நல்லதாகக் குறித்துவிட்டு வண்டி தாமதமாகப் போனால் ஒரு உயிர் போகும். மோசமாகக் குறித்துவிட்டு வண்டி சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஓட்டுநர் முனகுவார், அவ்வளவுதான். வருஷக்கணக்கில் இதையே செய்து செய்து பழைய ஆட்களுக்கு இது யோசிக்காமலே வரும்.

அவள் பெயர் மேலிடம்வரை போனதற்குக் காரணம் ஒரு அழைப்பு. கணவர் குளியலறையில் விழுந்துவிட்டார் என்று ஒரு அம்மாள் கூப்பிட்டாள். கதவு பச்சை நிறம். நெஞ்சில் எங்கே கை வைப்பது, எப்படி அழுத்துவது என்று கதவக்கா சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் செய்துகொண்டே இருந்தாள். வண்டியும் வந்துவிட்டது. "வந்துட்டாங்கம்மா, ஆனா இவர் கண்ணைத் திறக்கலையே" என்றாள் அந்த அம்மாள், அத்தோடு தொடர்பு அறுந்தது. வேலை முடிந்து படியிறங்கும்போது கதவக்கா மாடிப்படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்திருந்தவர் அந்தப் படியில்தான் ஏறிவந்தார். அடுத்த மாதமே கேள்வித்தாள் வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது மகள் கைப்பேசியில் அதேபோல ஒரு கேள்வித்தாளைத் தேடி எடுத்தாள். "அப்பா, நீங்க முதல்ல போட்டுப் பாருங்க" என்றாள்.

கணவர் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார். 'கஷ்டமான காலத்திலிருந்து சீக்கிரம் மீண்டு வருவேன்.' முழுக்கச் சம்மதம். 'எது வந்தாலும் என்னால் சமாளிக்க முடியும்.' முழுக்கச் சம்மதம். அவருக்குச் சளி பிடித்தால் வீடே குரலைத் தாழ்த்திப் பேசவேண்டும்; அவர் முழுக்கச் சம்மதித்துக்கொண்டே போனார். கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வந்தது.

"கடை எரிஞ்சப்ப சுவரைப் பாத்துப் படுத்தது யாருங்க?" என்றாள் கதவக்கா.

"மீண்டு வந்தேன்ல?" என்றார் அவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மகளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இங்க பாரும்மா. அந்த நிபுணர் மறுபடி எழுதச் சொன்னா, அப்பா மாதிரியே எல்லாத்துக்கும் முழுக்கச் சம்மதம்னு போட்டுட்டு வா. யாரு வந்து பாக்கப்போறா? வேலைதான் முக்கியம்."

"அப்ப நான் அழுததெல்லாம் பொய்யாடி?"

"பொய்னு யாரு சொன்னா? அதை அவங்ககிட்ட ஏன் சொல்லணும்ங்கறேன்."

கதவக்கா சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்குப் பயமாக இருந்தது. நாற்காலி போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் ஒன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா, சித்தப்பா, சொந்தக்காரர்கள் எல்லாரும் இத்தனை வருஷமாகச் சொன்னது சரிதானோ? இப்போது ஒரு தாளும் அளந்து பார்த்து அதையேதான் சொல்கிறதோ?

நிபுணர் சின்னப் பெண்ணும் இல்லை, வயதானவரும் இல்லை. ஜலதோஷத்தோடு வந்திருந்தார். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதவக்காவின் தாளை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"கஷ்டத்திலிருந்து சீக்கிரம் மீண்டு வருவேன்ங்கறதுக்கு 'கொஞ்சமும் இல்லை'ன்னு போட்டிருக்கீங்க. யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"யோசிச்சேங்க. சில நேரம் வருவேன், சில நேரம் வரமாட்டேன். உறுதியாச் சொல்ல முடியல. அதான் கடைசிக் கட்டத்துல போட்டேன்."

"உறுதியா இல்லன்னா நடுக் கட்டத்துல போட்டிருக்கலாமே."

"அதெப்படிங்க? சந்தேகம்னா மோசமானதைத்தானே குறிக்கணும்?"

கைக்குட்டை மூக்குக்குப் போகும் வழியில் நின்றது. "யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? இங்க எல்லாரும் அப்படித்தான் குறிப்போம்." கதவக்கா அறையின் பழக்கத்தை விளக்கினாள். சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்கும் உறைத்தது. அவளுடைய குரல் மெல்லக் குறைந்தது.

நிபுணர் கட்டுக்கட்டாக இருந்த தாள்களை அங்கேயே பரப்பிவிட்டார். பழைய ஆட்கள் எல்லாரும் கோட்டுக்குக் கீழே, புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லாரும் மேலே. ஊரிலிருந்து கிளம்பும்போதே அது அவரை உறுத்திக்கொண்டிருந்ததாம். இந்த வேலை ஆட்களை வருஷாவருஷம் உடைக்கிறதென்றே அறிக்கையில் பாதி எழுதியும் விட்டாராம். "நல்லவேளை, நேர்ல கேட்டேன்" என்றார். தலையில் கைவைத்துச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. கதவக்கா எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

எல்லாரையும் மறுபடி எழுதவைத்தார்கள். இந்த முறை தாளின் தலையில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: சந்தேகம் இருந்தால் நடுக் கட்டத்தைக் குறிக்கவும். கதவக்கா பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கச் சம்மதம் என்ற கட்டம் பக்கத்திலேயே இருந்தது. மகளின் குரல் காதில் கேட்டது. கணவர் மேசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தோரணையும் ஞாபகம் வந்தது. அதை நினைத்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு தடவையாவது நடந்ததை நடந்தபடி யாராவது எழுதட்டும் என்று தோன்றியது. சந்தேகம் இருந்த இடத்தில் நடுவில் குறித்தாள். சந்தேகம் இல்லாத இடத்தில் உள்ளதைக் குறித்தாள்.

சாயங்காலம் மற்ற பழைய ஆட்கள் எல்லாரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள். ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். கதவக்காவை மட்டும் நிபுணர் தனியே கூப்பிட்டார்.

"உங்களுக்கும் ஏறியிருக்குங்க. ஆனா இன்னும் கோட்டுக்குக் கீழதான்." மறைக்காமல் சொன்னார். "கேள்வித்தாளோட இணைச்சிருந்த இன்னொரு தாள்ல குணத்தைப் பத்திக் கேட்டிருந்தோம். எவ்வளவு பேசுவீங்க, எவ்வளவு ஒழுங்கா இருப்பீங்க, எவ்வளவு கவலைப்படுவீங்க, இப்படி. உங்களுக்குக் கவலைப்படற குணம் உச்சத்துல இருக்கு. அந்தக் குணம் இருக்கறவங்க தங்களைப் பத்திக் கேட்டா எப்பவும் குறைச்சுத்தான் சொல்லுவாங்க. நிம்மதியான ஆளுங்க கூட்டிச் சொல்லுவாங்க. இந்தத் தாள், நீங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னுதான் அளக்குது. உங்க வேலையை அளக்கல. ஒருத்தரை நாற்காலியிலிருந்து எழுப்பறதுக்காக இதைச் செய்யல, அதையும் எழுதித் தர்றேன். ஆனா கோடு போட்டது நான் இல்ல."

கதவக்கா தலையாட்டினாள். முந்தின வாரம் கூடவே பாதி அறை இருந்தது. இப்போது கோட்டுக்குக் கீழே அவள் ஒருத்திதான். அழுகை வந்தது. அதோடு வேறொன்றும் வந்தது. கண்ணாடி அறைக்கு அவள் கதவைத் தட்டாமலே போனாள்.

மேலாளர் முன்னால் உத்தரவு தயாராக இருந்தது. அவர் பார்வை தாளைவிட்டு எழவில்லை. "மேடம், நானும் எவ்வளவோ..."

"இருங்க சார். மார்க் சரிதான். நான் ஒத்துக்கறேன். நான் சீக்கிரம் மீளமாட்டேன். அந்தப் பச்சைக் கதவு அம்மாவோட குரல் எனக்கு இன்னும் கேக்குது, இன்னும் ரொம்ப நாள் கேக்கும். கவலைப்படாம எனக்கு ஒரு நாளும் விடியாது. அதெல்லாம் நானே எழுதிக் கொடுத்திருக்கேன், ஒண்ணும் மறைக்கல." அவள் குரல் கரகரத்தது, ஆனால் நிற்கவில்லை. "அந்த அம்மா போனை வெச்சதும் அடுத்த போன் வந்துச்சு. ஒருத்தன் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போய், கதவு சாத்திக்கிச்சாம். வந்து திறந்துவிடறீங்களான்னு கேட்டான். அவன்கிட்டயும் கதவு என்ன நிறம்னு கேட்டேன் சார். எரிஞ்சு விழல. அவன் அண்ணன் நம்பரை வாங்கி, ஆள் அனுப்பவெச்சு, அதுக்கப்புறமும் வேலை முடியறவரைக்கும் எடுத்தேன். பிறகுதான் படியில உட்கார்ந்து அழுதேன். அடுத்த போனை எடுத்தியான்னு உங்க தாள்ல எந்த வரியில கேட்டிருக்கு?"

அவர் உத்தரவைக் கையில் எடுத்தார். "நான் கையெழுத்துப் போட்டாச்சு. உங்க கையில கொடுத்துட்டா என் வேலை முடிஞ்சது."

"கொடுங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

நேராகப் போய் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினாள். அந்த அறையில் யாரும் மீறாத ஒரு விதி உண்டு: போனில் பேசிக்கொண்டிருப்பவரிடம் மேலாளரே ஆனாலும் பேசக்கூடாது, தொடக்கூடாது. மேலாளர் உத்தரவோடு பின்னாலேயே வந்தார். அதற்குள் அவள் மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு கிழவர் மூச்சு முட்டுகிறது என்றார். அவருக்கு வண்டி போய்ச் சேர்ந்து, மேலாளர் தாளை நீட்டிய கணத்தில், அவள் அடுத்த அழைப்பை எடுத்துவிட்டாள். அதுவும் முடிந்தது. அவர் "அக்..." என்றார். அவள் அடுத்ததை எடுத்தாள். பக்கத்து நாற்காலிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாதாரணமாக வரிசையாகப் பங்கிட்டு எடுக்கும் அழைப்புகளை அவர்கள் அன்று ஒவ்வொன்றாக அவள் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அப்போது ஒரு பெண் கூப்பிட்டாள். கணவர் சமையலறையில் விழுந்துகிடக்கிறார், கூப்பிட்டால் அசையவில்லை என்றாள். மேலாளர் கதவக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் அவள் கண்களில் நிரம்பி, கன்னத்தில் வழிந்து, தாடையிலிருந்து விசைப்பலகையில் சொட்டியது. விரல்கள் முகவரியைத் தட்டிக்கொண்டிருந்தன. "வண்டி கிளம்பிடுச்சும்மா, நான் உங்ககூடவே இருக்கேன்" என்றாள். "உங்க வீட்டுக் கதவு என்ன நிறம்?" கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், அழாத ஒருத்தியின் குரல் அது.

மேலாளர் கண்ணை மூடித்தான் கேட்டார். ஒரு காலத்தில் பக்கத்து நாற்காலியில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்ட அதே குரல்தான். சத்தம் வராமல் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அந்த உத்தரவு சட்டையோடு சட்டையாகத் துவைக்கப்பட்டுக் கூழாகிவிட்டது என்று அறையில் ஒரு பேச்சு. மேலிடம் இரண்டு தடவை விசாரித்தது. இரண்டு தடவையும் மேலாளர், நிபுணர் எழுதிக் கொடுத்ததையே திருப்பி அனுப்பினார். பிறகு மேலிடத்துக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் கணவர் பிழைத்தாரா என்று கதவக்காவுக்குத் தெரியாது. ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைத் தட்டும் சத்தத்தோடு அழைப்பு முடிந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. விளக்கு மறுபடி சிவப்பாகியிருந்தது, அவள் அடுத்த போனை எடுத்தாள்.